பார்க்கின்சன் நோயாளி அறுவை சிகிச்சைக்குச் சேரும்போது: ஒரு தனியார் மருத்துவமனையின் உள்நோயாளிச் சேவை குறித்த மதிப்புரை

பித்தப்பைக் கல்லுக்கான லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சைக்காகக் கோவையில் உள்ள நடுத்தர அளவுத் தனியார் மருத்துவமனை ஒன்றில் அண்மையில் உள்நோயாளியாகச் சேர்ந்திருந்தேன். அறுவை சிகிச்சையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அது நல்லபடியாக முடிந்தது, காயங்களும் சிக்கலின்றி ஆறின. பார்க்கின்சன் நோயோடு பல ஆண்டுகளாக வாழும் ஒருவர், அந்த நோய்க்குத் தொடர்பில்லாத வேறொரு சிகிச்சைக்காகப் படுக்கையில் சேரும்போது, அவருடைய பழைய நோயை மருத்துவமனை எப்படிக் கையாள்கிறது என்பதே இந்த மதிப்புரையின் பொருள். குறைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிற மருத்துவமனைகளைப் பற்றிச் சக நோயாளிகள் சொல்லக் கேட்பவையும் ஏறக்குறைய இதே குறைகள்தாம். எனவே மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

இந்த நோயில் மருந்தின் அளவைப் போலவே மருந்தின் நேரமும் முக்கியம். உடல் அசைவுகளுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளை மூளையில் சுரக்கும் செல்கள் படிப்படியாக அழிவதால் ஏற்படும் பற்றாக்குறையை லெவோடோபா என்ற மருந்து ஈடுகட்டுகிறது. நோயின் தொடக்க ஆண்டுகளில் எஞ்சியிருக்கும் செல்கள் அம்மருந்திலிருந்து உருவாகும் டோபமைனை ஓரளவு சேமித்து வைத்துக்கொண்டு சீராக வெளியிடும் என்பதால், ஒரு வேளை சற்றுத் தாமதமானாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. செல்கள் மேலும் குறைந்த பிறகு அந்தச் சேமிப்பும் இல்லாமல் போகிறது. துணை மருந்தான கார்பிடோபாவுடன் சேர்த்துக் கொடுத்தாலும் லெவோடோபா இரத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், நோயாளியின் நடை, பேச்சு, விழுங்கும் திறன் ஆகிய அனைத்தும் அடுத்த மாத்திரை வரும் நேரத்தை நம்பியே இருக்கின்றன. எனக்கு நரம்பியல் மருத்துவர் வகுத்துத் தந்திருக்கும் நேரங்கள் காலை 6, 9.30, பிற்பகல் 1, மாலை 4.30, இரவு 8. பொது வார்டுகளில் மருந்து வண்டி வரும் நேரமோ காலை 8, மதியம் 2, இரவு 8. இந்த இரண்டு அட்டவணைகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை யார் கவனிக்கிறார்கள் என்பதை வைத்தே ஒரு மருத்துவமனை பார்க்கின்சன் நோயாளிக்கு உகந்ததா இல்லையா என்று நான் முடிவு செய்வேன். பிரிட்டனில் மருத்துவத் தரநிலைகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2018-இல் வெளியிட்ட தரநிலையில், மருத்துவமனையில் இருக்கும் பார்க்கின்சன் நோயாளிக்கு, அவருக்கெனக் குறிக்கப்பட்ட நேரத்திலிருந்து 30 நிமிடங்களுக்குள் லெவோடோபா கிடைத்துவிட வேண்டும் என்று வகுத்திருக்கிறது. எந்த ஊர் வார்டுக்கும் பொருந்தக்கூடிய எளிய அளவுகோல் அது.

தனக்கு வேண்டியதை நோயாளி தானே கேட்டுப் பெற வேண்டும் என்று சொல்வது எளிது. ஆனால் கேட்டுப் பெறுவதற்குத் தேவையான குரல், முகபாவம், கையெழுத்து ஆகிய மூன்றையுமே பறிக்கும் நோய் இது. மருந்தின் வேகம் தணியும்போது குரல் தேய்ந்து, அருகில் நிற்பவருக்குக்கூடக் கேட்பதில்லை. முகத் தசைகள் இறுகிவிடுவதால் கடும் வலியில் இருப்பவரும் எதையும் பொருட்படுத்தாதவர் போலவே தோன்றுகிறார். எழுதிக் காட்டலாம் என்றால், எழுத்து வரிக்கு வரி சிறுத்துப் படிக்க முடியாததாகிவிடுகிறது. ஆக, உதவி மிகவும் தேவைப்படும் நேரமே அதைக் கேட்க முடியாத நேரமாகவும் அமைந்துவிடுகிறது. அதனால் நமக்காக நாம் பேச வேண்டியதை, நன்றாகப் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே, சேர்வதற்கு முன்பாகவே, அச்சிட்ட தாளில் பேசி முடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் ஒரு பக்கத்துக்கு மிகாத தாளொன்றைப் பெரிய எழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, நரம்பியல் மருத்துவரின் கையொப்பத்தையும் பெற்று எடுத்துச் சென்றேன். ஒவ்வொரு மாத்திரையின் பெயரும் அளவும் நேரமும், கொடுக்கக் கூடாத மருந்துகளின் பட்டியல், லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் தசை இறுக்கமும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்ற எச்சரிக்கை ஆகியவை அதில் இருந்தன. மருந்து இறங்கிய நிலையில் நான் பதில் சொல்லத் தாமதிப்பேன், அதைக் குழப்பம் என்று கொள்ள வேண்டாம் என்ற குறிப்பையும் சேர்த்திருந்தேன். சித்த, ஆயுர்வேத மருந்து எடுப்பவர்கள் அதையும் இத்தகைய தாளில் மறைக்காமல் எழுத வேண்டும். பூனைக்காலி விதையில் லெவோடோபா இயற்கையாகவே இருப்பதால், அந்தச் சூரணம் சாப்பிடுபவரின் மொத்த அளவை மருத்துவர் அறிந்திருப்பது அவசியம்.

புறநோயாளிப் பிரிவில் அறுவை சிகிச்சை நிபுணர் பொறுமையாகவே பேசினார். ஆனால் முதல் கேள்வியிலிருந்தே அவர் பார்வை என் மகன் பக்கம் இருந்தது. "அப்பாவுக்கு எத்தனை நாளாக வலி?" என்று அவனிடம் கேட்டார். அவன் வாய் திறக்காமல் என்னைப் பார்த்தான். அது நாங்கள் வீட்டிலேயே பேசி வைத்திருந்த ஏற்பாடு. "டாக்டர், நான் மெதுவாகப் பேசுவேன், ஆனால் முழுவதும் நானே சொல்கிறேன், கொஞ்சம் நேரம் கொடுங்கள்" என்றேன். அதன் பிறகு அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார், கடைசி வரை என்னிடமே பேசினார். கூட வருபவர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி சில நேரங்களில் பேசாமல் இருப்பதுதான் என்பதைக் குடும்பத்தினருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

இந்த மருத்துவமனையில் என் முழுப் பாராட்டுக்கும் உரியவர் மயக்க மருந்து நிபுணர். தாளை முழுவதுமாகப் படித்தார். பார்க்கின்சனுக்காக நான் ராசாஜிலின் என்ற மருந்தையும் எடுத்துக்கொள்வதைக் கண்டதும், அறுவை சிகிச்சைக்குப் பின் வழக்கமாகக் கொடுக்கப்படும் வலி மருந்தான டிரமடால் எனக்குக் கூடாது, பெத்திடினும் கூடாது என்று அவரே எடுத்துச் சொன்னார். ராசாஜிலினோடு இவை சேர்ந்தால் செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவு மீறி உயிருக்கு ஆபத்தான நிலை ஏற்படக்கூடும். பிறகு என் நரம்பியல் மருத்துவருடன் தொலைபேசியில் பேசி, வலிக்கு எதைக் கொடுப்பது, எதைத் தவிர்ப்பது என்று முடிவு செய்து, கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையால் எழுதினார். நள்ளிரவு முதல் வாயில் எதையும் வைக்கக் கூடாது என்பது வார்டின் பொது விதி. அதற்கு விலக்காக, காலை 6 மணி மாத்திரையை ஒரு மிடறு தண்ணீருடன் கொடுக்க வேண்டும் என்று தனியே உத்தரவு எழுதியதோடு, அன்றைய பட்டியலில் என்னை முதல் நோயாளியாக வைக்கும்படியும் கேட்டுக்கொண்டார். அதனால், மயக்கம் தெளிந்து விழுங்கும் நிலைக்கு வந்தபோது, தவறிய மருந்து ஒரு வேளைக்கு மேல் இல்லை. பட்டியலில் முதல் இடம் தருவது மருத்துவமனைக்குச் செலவில்லாத காரியம். பார்க்கின்சன் நோயாளிக்கோ அது மிகப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. சேர்வதற்கு முன் மயக்க மருந்து நிபுணரைத் தனியாகச் சந்திக்க வேண்டும் என்று எவரும் தயங்காமல் கேட்கலாம்.

வார்டுச் செவிலியர் சேவையைப் பற்றி அந்த அளவுக்குச் சொல்ல முடியவில்லை. சேர்ந்த அன்று மாலை, விதிப்படி என் மாத்திரைகள் அனைத்தும் வாங்கி உள்ளே வைக்கப்பட்டன. மாலை 4.30 மணிக்கு மாத்திரை கேட்டபோது, "மருந்து வண்டி எட்டு மணிக்குத்தான் வரும் அப்பா, எல்லாருக்கும் சேர்த்துக் கொடுப்போம்" என்று கனிவாகவே பதில் வந்தது. கனிவில் குறையில்லை, அந்தச் செவிலியர் தமக்குத் தரப்பட்ட அட்டவணையைப் பின்பற்றினார். மகன் நர்ஸ் ஸ்டேஷனுக்கும் டியூட்டி டாக்டரின் அறைக்கும் மாறி மாறி நடந்து, மாத்திரை என் கைக்கு வருவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. அதற்குள் கட்டிலில் புரண்டு படுக்கவோ, அழைப்பு மணியை அழுத்தவோ கூட இயலாத நிலைக்கு வந்திருந்தேன். மயக்க மருந்து நிபுணர் அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும் அது வார்டின் மருந்து அட்டவணைக்கு வந்து சேராததுதான் காரணம். கேஸ் ஷீட்டில் இருப்பது ஒன்று, செவிலியர் கையில் இருக்கும் அட்டவணையில் இருப்பது வேறொன்று. எனவே சேர்ந்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "என் மாத்திரை நேரங்கள் உங்கள் சார்ட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன, காட்ட முடியுமா?" என்பதாகத்தான் இருக்க வேண்டும். லெவோடோபாவுக்கு எதிரே நாளைக்கு ஐந்து வேளை என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. மணியும் நிமிடமும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலைச் சுற்றில் செவிலியர் கண்காணிப்பாளர் வந்தபோது, நடந்ததைக் குற்றச்சாட்டாக அன்றி ஒரு வேண்டுகோளாகவே முன்வைத்தேன். லெவோடோபாவை மட்டும் என் பொறுப்பில் விட்டுவிடுங்கள், எடுத்த நேரத்தை நானோ மகனோ உடனே தெரிவிக்கிறோம், செவிலியர் அதைச் சார்ட்டில் பதிந்து கையொப்பமிடட்டும் என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, டியூட்டி டாக்டரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு ஒப்புக்கொண்டார். அறுவை சிகிச்சையின்போது தவறிய வேளையைத் தவிர, வீடு திரும்பும் வரை அதன் பிறகு ஒரு வேளைகூடத் தவறவில்லை. எங்கும் பதிவாகாமல் இரகசியமாக மாத்திரை போட்டுக்கொள்ளும் வழக்கம் நோயாளிகளிடையே உண்டு. அவர்களுடைய அச்சம் எனக்கு முழுமையாகப் புரிகிறது. ஆனால் அதே மாத்திரையைச் செவிலியரும் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகும் அபாயம் இருப்பதால், அனுமதி பெற்று வெளிப்படையாகச் செய்வதையே பரிந்துரைப்பேன்.

அந்தத் தாளின் மதிப்பு முழுமையாக விளங்கியது அறுவை சிகிச்சை நாளின் இரவில்தான். மயக்க மருந்துக்குப் பிந்தைய குமட்டல் தொடங்கி இரண்டு முறை வாந்தி எடுத்தேன். இரவுப் பணிக்குப் புதிதாக வந்திருந்த டியூட்டி டாக்டர் வாந்திக்கான ஊசியை எழுதினார். அது மெட்டோக்ளோப்ரமைடு, நம் ஊரில் பெரிநார்ம் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த மருந்து. மற்ற நோயாளிகளுக்கு அது வழக்கமான மருந்துதான். ஆனால் அது மூளைக்குள்ளும் சென்று டோபமைன் வந்து இணையும் இடங்களான ஏற்பிகளை அடைப்பதால், ஏற்கெனவே டோபமைன் பற்றாக்குறையில் இருக்கும் பார்க்கின்சன் நோயாளியின் நிலையை விரைவாக மோசமாக்கும். தலைசுற்றலுக்குத் தரப்படும் புரோகுளோர்பெரசினும், நள்ளிரவில் குழம்பிப்போன நோயாளியை அமைதிப்படுத்தத் தரப்படும் ஹாலோபெரிடாலும் இதே வகையைச் சேர்ந்தவை. அந்த நேரத்தில் என்னால் பேச இயலவில்லை. மகன் கீழ்த்தளத்தில் மருந்து வாங்க நின்றிருந்தான். ஊசி போட வந்த இளம் செவிலியர், கட்டிலின் தலைமாட்டில் ஒட்டியிருந்த தாளைப் படித்துவிட்டு, ஊசியை அப்படியே டிரேயில் வைத்துவிட்டுத் திரும்பிச் சென்று மருத்துவரிடம் கேட்டார். அதற்குப் பதிலாக ஒன்டான்செட்ரான் என்ற வாந்தி மருந்து எழுதப்பட்டது, வாந்தியும் நின்றது. மருத்துவர் எழுதியதை ஓர் இளம் செவிலியர் நிறுத்திக் கேள்வி கேட்பதற்குத் துணிவு வேண்டும்; கேட்டதும் மருத்துவர் முகம் சுளிக்காமல் மாற்றி எழுதியது அந்த மருத்துவமனையின் நல்ல பண்பாட்டைக் காட்டுகிறது. இந்த நிகழ்வுக்காகவே அவர்களுக்கு நான் உயர்ந்த மதிப்பளிக்கிறேன். புகழ்ந்து எழுதித் தந்த கடிதத்தில் அந்தச் செவிலியரின் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

மருந்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மாத்திரை லெவோடோபா 100 மில்லிகிராமும் கார்பிடோபா 25 மில்லிகிராமும் கலந்த 125 வகை. உள்மருந்தகத்தில் இருந்ததோ லெவோடோபா 100, கார்பிடோபா 10 கொண்ட 110 வகை. "இரண்டும் ஒன்றுதான் சார், லெவோடோபா அதே நூறுதானே" என்றார் மருந்தாளர். லெவோடோபா மூளையை அடையும் முன்பே உடலின் பிற பகுதிகளில் டோபமைனாக மாறிவிடாமல் தடுப்பது கார்பிடோபாதான். அதற்கு நாளொன்றுக்கு 70 முதல் 100 மில்லிகிராம் வரை தேவை. ஐந்து வேளை 125 வகை எடுத்தால் 125 மில்லிகிராம் கார்பிடோபா கிடைக்கும். 110 வகையில் 50 மட்டுமே கிடைக்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் குமட்டலோடு போராடுகிறவருக்கு இந்த மாற்றம் மேலும் குமட்டலைத் தந்து, மருந்தின் பலனையும் குறைக்கும். நான் கொண்டுசென்ற மாத்திரைகளையே பயன்படுத்த அனுமதிக்க வேண்டும் என்று கேட்டேன். சிறிது வாக்குவாதத்துக்குப் பின் அனுமதித்தார்கள். தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில், மருந்தை எங்கே வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் இடம்பெற்றுள்ளது. வாக்குவாதம் தொடங்கும் முன்பே அதை அமைதியாக எடுத்துச் சொன்னால் வேலை எளிதாகிறது. வீட்டிலிருந்து செல்லும்போது, தங்கும் நாட்களுக்குத் தேவையானதைவிடக் கூடுதலாக, அட்டையைப் பிரிக்காமல், வாங்கிய ரசீதோடு எடுத்துச் செல்லுங்கள். பிரித்து டப்பாவில் போட்டு வரும் மாத்திரைகளை எந்த மருத்துவமனையும் ஏற்கத் தயங்கும், அந்தத் தயக்கம் நியாயமானதும்கூட.

உணவு சுவையாகவும் சூடாகவும் வந்தது. உணவியல் நிபுணர் காயம் ஆறுவதற்கென்று புரதப் பொடியைப் பாலில் கலந்து காலை 9.30-க்கு அனுப்பியதுதான் சிக்கல். புரதம் செரிக்கும்போது உண்டாகும் அமினோ அமிலங்கள், குடலிலிருந்து இரத்தத்துக்கும் இரத்தத்திலிருந்து மூளைக்கும் செல்லும் அதே வாயில்களில் லெவோடோபாவோடு போட்டியிடுவதால், மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு எடுக்கச் சொல்கிறார்கள். விளக்கியதும் அவர் மறுப்பின்றி நேரத்தை மாற்றினார். பிசியோதெரபிஸ்ட் வந்த நேரம் தற்செயலாக மருந்து நன்றாக வேலை செய்யும் நேரமாக அமைந்தது. நடைப்பயிற்சி எளிதாக முடிந்தது. எலும்பு முறிவு போன்ற சிகிச்சைக்குச் சேருபவர்கள் அதைத் தற்செயலுக்கு விடாமல், மாத்திரை போட்ட பிறகான நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

வீடு திரும்பும்போது தந்த டிஸ்சார்ஜ் சம்மரியில், பித்தப்பையைப் பற்றி விரிவாகவும் பார்க்கின்சனைப் பற்றி ஒரே ஒரு வரியிலும் எழுதியிருந்தார்கள். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர் என்பதே அந்த வரி. அடுத்த முறை அவசரமாக வேறெங்காவது சேர்க்கப்பட்டால் அங்கே படிக்கப்படப்போவது இந்தக் காகிதம்தான் என்பதால், மாத்திரை நேரங்களையும் தவிர்க்க வேண்டிய மருந்துகளையும் அதில் சேர்த்துத் தரும்படி கேட்டேன். பில் கட்டிய பிறகு திருத்தம் செய்வது சிரமம் என்றார்கள். இருந்தும் கேட்டுக்கொண்டே காத்திருந்ததில், மாலைக்குள் திருத்திய பிரதி கையில் கிடைத்தது. முழு மருத்துவப் பதிவேட்டின் நகலுக்கும் எழுதிக் கொடுத்தேன். 2002-ஆம் ஆண்டின் மருத்துவர்களுக்கான தொழில் நெறி விதிமுறைகளின்படி, நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும். அந்தக் கெடுவுக்குள்ளேயே நகல் வந்து சேர்ந்தது. பார்க்கின்சன் நோய், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் அட்டவணையில் நாள்பட்ட நரம்பியல் நோய்களின் கீழ் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. எனவே நேரத்துக்கு மாத்திரை கேட்பதையோ, பேச நேரம் கேட்பதையோ யாரும் சலுகை கோருவதாக எண்ணிக் கூச வேண்டியதில்லை.

மொத்தத்தில் இந்த மருத்துவமனையை அறுவை சிகிச்சைத் திறனுக்காகவும், மயக்க மருந்துப் பிரிவுக்காகவும், சொன்னால் கேட்டுத் திருத்திக்கொள்ளும் மனப்பாங்குக்காகவும் பிற நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கிறேன். ஆனால் யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால் அங்கே பார்க்கின்சன் நோயாளிக்கு நேரத்துக்கு மருந்து கிடைக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். துணைக்கு ஆளில்லாதவர், தமிழோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாதவர், நினைவாற்றல் மங்கியவர் ஆகியோர் அந்த வார்டில் சேர்ந்தால் என்ன ஆவார்கள் என்ற கவலை எனக்கு இன்னும் நீங்கவில்லை.

கருத்துப் படிவத்தில் மூன்று வேண்டுகோள்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். லெவோடோபா எடுக்கும் நோயாளி சேரும்போதே மணி குறித்த தனி மருந்து அட்டவணை ஒன்றைக் கட்டாயமாக்க வேண்டும். அவருடைய சார்ட்டில் மெட்டோக்ளோப்ரமைடையும் ஹாலோபெரிடாலையும் ஒவ்வாமை மருந்துகளைக் குறிப்பது போலவே முதல் பக்கத்தில் குறிக்க வேண்டும். இரவு நேர அவசர மருந்து அலமாரியில் லெவோடோபாவின் இரண்டு வகைகளையும் இருப்பில் வைக்க வேண்டும். முதல் இரண்டையும் செவிலியர் பயிற்சியில் சேர்ப்பதாகக் கண்காணிப்பாளர் தொலைபேசியில் தெரிவித்தார். மூன்றாவது மருந்தக நிர்வாகத்தின் முடிவுக்காகக் காத்திருக்கிறது. அடுத்த மாதம் காயப் பரிசோதனைக்குச் செல்லும்போது அதைப் பற்றி மீண்டும் கேட்பேன்.